8 ஜிபி போட்டும் 3.24 ஜிபிதான் தெரிகிறதா? பழைய கணினியின் ரேம் எல்லையும் ப்ராசஸர் மாற்றமும்

2012 வாக்கில் அசெம்பிள் செய்த ஒரு வீட்டுக் கணினியை எடுத்துக்கொள்வோம். இன்டெலின் இரண்டாம் தலைமுறை கோர் ஐ3-2100 ப்ராசஸர், எச்61 சிப்செட் (மற்ற பாகங்களை ப்ராசஸரோடு இணைக்கும் சிப்) உள்ள மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ரேம், 32 பிட் விண்டோஸ் 7. சிஸ்டம் இழுக்கிறது என்று இன்னொரு 4 ஜிபி ரேம் வாங்கிச் சொருகியாகிவிட்டது. ஆன் செய்து சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தைத் திறந்தால், 'இன்ஸ்டால்டு மெமரி 8.00 ஜிபி' என்று இருக்கிறது. பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் '3.24 ஜிபி யூசபிள்' என்றும் இருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் ரேமில் குற்றமில்லை.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததிலிருந்து இந்த மாதிரிக் குழப்பங்கள் அதிகமாகிவிட்டன. பழைய கணினியில் எவ்வளவு ரேம் ஏறும், ப்ராசஸரை மட்டும் மாற்றினால் விண்டோஸ் 11 ஓடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 'உங்கள் போர்டுக்கு 16 ஜிபி' என்று ஒற்றை எண்ணில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. எல்லை நான்கு இடங்களில் இருக்கிறது. அவற்றில் எது சிறியதோ, அதுவே உங்கள் கணினியின் எல்லை.

கதவு எண் கணக்கு

ரேமில் உள்ள ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முகவரி உண்டு. தெருவில் வீட்டுக்கு வீடு கதவு எண் இருப்பதுபோல. எண் இல்லாத வீட்டுக்குத் தபால் போகாது. முகவரி இல்லாத பைட்டை ப்ராசஸரால் தொட முடியாது. அந்தக் கதவு எண்ணை எழுத எத்தனை இலக்கம் இருக்கிறது என்பதே 'பிட்' கணக்கு. 1978-இல் வந்த இன்டெல் 8086-க்கு 20 பிட், அதாவது 1 எம்பி. 80286-க்கு 24 பிட், 16 எம்பி. 1985-இல் 80386 வந்தபோது 32 பிட் ஆனது. 2-ஐ 32 முறை பெருக்கினால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. அவ்வளவு கதவு எண்கள், அவ்வளவு பைட்டுகள். நாம் 4 ஜிபி என்று சொல்வது இதைத்தான்.

இந்த எண்கள் ரேமுக்கு மட்டும் சொந்தமல்ல என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். கிராஃபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் சிப், யுஎஸ்பி கன்ட்ரோலர், பயாஸ் (கணினியைத் துவக்கும், போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) எல்லாவற்றையும் ப்ராசஸர் இதே முகவரிகளின் வழியாகவே கூப்பிடுகிறது. 4 ஜிபி தெருவின் கடைசிப் பகுதியை இந்தச் சாதனங்கள் முன்பதிவு செய்துகொள்கின்றன. மிச்சமிருக்கும் எண்கள்தான் ரேமுக்கு. ஒரு கணினியில் 3.24, இன்னொன்றில் 3.5, வேறொன்றில் 2.9 என்று ஆளுக்கு ஆள் மாறுவதற்குக் காரணம், உள்ளே இருக்கும் சாதனங்கள் பிடித்துவைக்கும் இடம் மாறுவதே.

இதில் ஒரு வரலாற்று வேடிக்கை உண்டு. 1995-இல் வந்த பென்டியம் ப்ரோவிலேயே முகவரியை 36 பிட்டாக நீட்டும் ஏற்பாடு இருந்தது. அதில் 64 ஜிபி வரை போகலாம். விண்டோஸ் சர்வர் 2008 என்டர்பிரைஸின் 32 பிட் பதிப்பு 64 ஜிபியை ஏற்கும். அதே காலத்து வீட்டு விண்டோஸ் மட்டும் 4 ஜிபியில் நின்றது. நீண்ட முகவரிகளைக் கண்டால் அன்றைய பல டிரைவர்கள் (சாதனங்களை இயக்கும் மென்பொருள்கள்) குழம்பி கணினியையே கவிழ்த்தன. அதனால் மைக்ரோசாஃப்ட் போட்ட தடை அது. இப்போதும் 32 பிட் லினக்ஸில் அதற்கான கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) போட்டால் 4 ஜிபிக்கு மேல் தெரியும்.

எல்லை உட்கார்ந்திருக்கும் நான்கு இடங்கள்

1. இயங்குதளத்தின் பிட். 32 பிட் விண்டோஸ் என்றால் மேலே சொன்ன கதைதான். 64 பிட்டுக்கு மாறினால் இந்தத் தடை போய்விடும். ஐ3-2100 தாராளமாக 64 பிட் ப்ராசஸர். 2003-இல் ஏஎம்டி தன் ஆப்டெரான், அத்லான் 64 மூலம் கொண்டுவந்த வழியைத்தான் பிறகு இன்டெலும் எடுத்துக்கொண்டது. ஆனால் 32 பிட் விண்டோஸின் மேலேயே 64 பிட்டை ஏற்ற முடியாது; புதிதாக நிறுவ வேண்டும். பழைய பிரிண்டர், ஸ்கேனர், டாங்கிள் வைத்திருக்கும் டிடிபி கடைக்காரர்கள் அவற்றுக்கு 64 பிட் டிரைவர் கிடைக்குமா என்று முதலில் பார்க்கட்டும். 16 பிட் காலத்து மென்பொருள்கள் 64 பிட் விண்டோஸில் ஓடவே ஓடாது.

2. விண்டோஸின் பதிப்பு. இது தொழில்நுட்பத் தடை அல்ல, வியாபாரத் தடை. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டருக்கு 2 ஜிபி. இந்தியா போன்ற நாடுகளுக்கென்று விற்ற ஹோம் பேசிக்குக்கு 64 பிட்டிலும் 8 ஜிபிதான். ஹோம் ப்ரீமியத்துக்கு 16, ப்ரொஃபெஷனலுக்கு 192. 16 ஜிபி போட்டும் 8 தெரிகிறதென்றால் போர்டைத் திட்டுவதற்கு முன் பதிப்பின் பெயரைப் பாருங்கள். விண்டோஸ் 10 ஹோமின் எல்லை 128 ஜிபி. பழைய கணினிக்கு அது வானம்.

3. மெமரி கன்ட்ரோலர். ரேமோடு நேரடியாகப் பேசும் பகுதி இது. கோர் 2 டியோ காலம்வரை இன்டெல் கணினிகளில் இது மதர்போர்டின் சிப்செட்டில் இருந்தது. அதனால் அங்கே ப்ராசஸரை மாற்றி ரேம் எல்லையை உயர்த்த வழியில்லை. 945ஜி சிப்செட்டுக்கு 4 ஜிபி, ஜி31-க்கு 4 ஜிபி, ஜி41-க்கு 8 ஜிபி. 945-இல் இன்னொரு குறையும் உண்டு. சாதனங்கள் பிடித்துக்கொண்ட ரேம் பகுதியை 4 ஜிபிக்கு மேலே தூக்கிவைக்கும் வசதி அதற்கு இல்லை. 64 பிட் விண்டோஸ் போட்டாலும் முழு 4 ஜிபி கிடைக்காது. முதல் தலைமுறை கோர் ஐ வரிசையிலிருந்து கன்ட்ரோலர் ப்ராசஸருக்குள்ளேயே போய்விட்டது. ஏஎம்டி அதை அத்லான் 64-லேயே செய்துவிட்டது.

4. ஸ்லாட்டும் அதில் ஏறும் ரேமும். ஐ3-2100 ப்ராசஸர் தன்னளவில் 32 ஜிபி வரை தாங்கும். ஆனால் எச்61 போர்டில் இரண்டே ஸ்லாட்கள். ஒரு ஸ்லாட்டுக்கு 8 ஜிபி என்றால் 16-தான். நம் உதாரணக் கணினியின் உண்மையான எல்லை இதுவே.

இவை தவிர இரண்டு சில்லறை விஷயங்கள். போர்டிலேயே இருக்கும் கிராஃபிக்ஸ் தனக்கென்று கொஞ்சம் ரேமை எடுத்துக்கொள்ளும். 64 பிட்டில் '8.00 ஜிபி, 7.89 யூசபிள்' என்று வந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. அதற்கும் அதிகமாகக் குறைந்தால், எம்எஸ்கான்ஃபிக் திரையில் பூட் பகுதியின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் 'மாக்ஸிமம் மெமரி' என்ற கட்டத்தில் யாராவது டிக் அடித்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதைத் தொட்டவர்கள் ஏராளம். அந்த டிக் கூட்டுவதில்லை, குறைக்க மட்டுமே செய்யும்.

ரேம் வாங்கும் முன் சிப்பை எண்ணுங்கள்

ரேமின் தலைமுறைகளான டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 ஒன்றுக்கொன்று பொருந்தாது. டிடிஆர்2-க்கும் டிடிஆர்3-க்கும் கால்கள் 240 என்று சமமாக இருந்தாலும், நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். மின்னழுத்தமும் வேறு, 1.8 வோல்ட், 1.5 வோல்ட். அழுத்திச் சொருகப் பார்த்தால் ஸ்லாட்தான் உடையும். இந்த அளவு பலருக்கும் தெரியும். தெரியாதது சிப்பின் கொள்ளளவு.

8 ஜிபி ரேம் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பச்சைப் பலகையில் கறுப்புச் சதுரங்கள் வரிசையாக இருக்கும். ஒரு பக்கம் எட்டு, புரட்டினால் மறுபக்கம் எட்டு, ஆகப் பதினாறு. 8 ஜிகாபைட் என்பது 64 ஜிகாபிட். பதினாறு சிப் என்றால் ஒன்றுக்கு 4 ஜிகாபிட். அதே 8 ஜிபி ஒரு பக்கம் மட்டும் எட்டு சிப்போடு வந்தால், ஒன்றுக்கு 8 ஜிகாபிட். இரண்டும் 8 ஜிபி டிடிஆர்3 தான், இரண்டிலும் ஸ்டிக்கர் ஒன்றுதான். ஆனால் இரண்டாம் தலைமுறை முதல் நான்காம் தலைமுறை வரையிலான இன்டெல் கன்ட்ரோலர்களுக்கு 8 ஜிகாபிட் சிப்பைப் படிக்கத் தெரியாது. சொருகி ஆன் செய்தால் திரை கறுப்பாகவே இருக்கும். சில போர்டுகள் விட்டுவிட்டு பீப் அடிக்கும். கடையில் வேறு போர்டில் போட்டுக் காட்டுவார்கள், ஜம்மென்று ஓடும். 'ரேம் நல்லாத்தான் சார் இருக்கு, உங்க போர்டுலதான் கோளாறு' என்ற வாக்குவாதம் இங்கிருந்துதான் பிறக்கிறது. இரண்டு பக்கத்திலும் கோளாறு இல்லை. விரலுக்குத் தகுந்த வீக்கம் இல்லை, அவ்வளவுதான்.

ஜி41 இன்னும் ஒரு படி கீழே. அதன் எல்லை 2 ஜிகாபிட் சிப். ஆகவே அதில் 4 ஜிபி டிடிஆர்3 ஏற வேண்டுமானால் இரு பக்கமும் சேர்த்துப் பதினாறு சிப் இருக்க வேண்டும். எட்டு சிப் உள்ள 4 ஜிபி ஓடாது. டிடிஆர்2-வில் 4 ஜிபி ரேம் மலிவாகக் கிடைத்தால் 'ஏஎம்டி போர்டுக்கு மட்டும்' என்று எங்காவது சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். அதன் உள்ளமைப்பு இன்டெல் சிப்செட்டுகளோடு பேசாது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் செகண்ட் ஹேண்ட் ரேம் வாங்குகிறவர்கள் போர்டின் மாடல் எண்ணைச் சீட்டில் எழுதி எடுத்துப் போவது நல்லது. 'டிடிஆர்3 8 ஜிபி ஒன்னு கொடுங்க' என்றால் கைக்குக் கிடைத்ததைக் கொடுத்துவிடுவார்கள்.

ஒரே 8 ஜிபியா, இரண்டு 4 ஜிபியா? இரண்டு ஸ்லாட்டிலும் சம அளவு ரேம் இருந்தால் கன்ட்ரோலர் இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் படிக்கும். டிடிஆர்3-1333-இல் ஒரு வழிக்கு நொடிக்கு 10.6 ஜிபி, இரண்டு வழிக்கு 21.3. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் இதன் பலன் தெரியும். 1600 வேக ரேம் வாங்கினாலும் ஐ3-2100-இல் அது 1333-இல்தான் ஓடும். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். பிரவுசர், அலுவலக வேலை, படம் பார்ப்பது என்றால் 8 ஜிபி போதும் என்பது என் கருத்து. வீடியோ எடிட்டிங் செய்கிறவர் இந்தக் கணினியில் 16-க்குப் போவதைவிட அந்தப் பணத்தைச் சேர்த்துவைப்பது மேல்.

ப்ராசஸர்: சாக்கெட் பொருந்தினால் போதாது

ப்ராசஸர் உட்காரும் இடம் சாக்கெட். 2004-இல் வந்த எல்ஜிஏ 775 சாக்கெட்டில் பென்டியம் 4-உம் உட்காரும், கோர் 2 குவாடும் உட்காரும். அதனால் ஒரு பென்டியம் 4 போர்டில் க்யூ6600 என்ற கோர் 2 குவாடைப் போட்டுவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். உட்காரும். ஓடுமா என்பது வேறு. பார்க்க வேண்டியவை:

1. சிப்செட் அந்த ப்ராசஸரை அறியுமா? பழைய 945 போர்டுகள் பலவற்றுக்கு பிந்தி வந்த, இன்னும் நுண்ணிய 45 நானோமீட்டர் கோர் 2 ப்ராசஸர்கள் ஒத்துவராது. பிந்திய காலத்திலும் இதே வம்பு. எல்ஜிஏ 1151 என்ற பெயரிலேயே 2015-இல் ஒன்று, 2017-இல் ஒன்று. எட்டாம் தலைமுறை ப்ராசஸர், ஆறு, ஏழாம் தலைமுறைக்கான பழைய 1151 போர்டில் ஓடாது.

2. பயாஸ் புதியதா? எச்61 போர்டுகள் 2011-இல் வந்தவை, மூன்றாம் தலைமுறை ப்ராசஸர்கள் 2012-இல். அதற்கு முன் தயாரான போர்டில் ஐ5-3470 போட வேண்டுமானால் பயாஸைப் புதுப்பித்தாக வேண்டும். அதையும் பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே செய்ய வேண்டும். கழற்றிவிட்டு, புதியதைப் போட்டு, திரை வராமல் விழித்து, திரும்பவும் பழையதைத் தேடுவது தலைகீழ் வரிசை. பெரிய நிறுவனங்களின் பெயரில் முழுக் கணினியாக விற்றவற்றில் சிலவற்றுக்கு அந்தப் புதுப்பிப்பே வந்ததில்லை.

3. போர்டு அந்த மின்சாரத்தைத் தருமா? ஐ3-2100-க்கு 65 வாட், ஐ5-3470-க்கு 77, ஐ5-2400-க்கும் ஐ7-2600-க்கும் 95. முதலில் வந்த க்யூ6600-க்கு 105. 65 வாட்டுக்கென்று செய்த மலிவு போர்டில் 105 வாட் ப்ராசஸரை ஏற்றினால் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் உள்ள மின்சுற்று சூடேறிக்கொண்டே இருக்கும். கோடையில் சாயங்காலம் நான்கு மணிக்குத் தானாக ஆஃப் ஆகும் கணினிகளில் இந்த வகையும் உண்டு.

4. கூலர். ஐ3-யோடு வந்த மெல்லிய கூலர் 95 வாட்டுக்குப் போதாமல் போகலாம். தெர்மல் பேஸ்ட் எப்படியும் புதிதாகத் தடவ வேண்டும், பட்டாணி அளவு.

பலர் இதையெல்லாம் போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் பார்க்காமலேயே வாங்குகிறார்கள் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு போர்டுக்கும் அங்கே ஆதரவுப் பட்டியல் இருக்கும்; ப்ராசஸர் பெயருக்கு நேரே எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்பதும் இருக்கும். போர்டின் பெயர் தெரியாவிட்டால் சிபியு-இஸட் என்ற சிறு மென்பொருள் காட்டிவிடும். கேபினெட்டைத் திறந்தால் போர்டின் மேலேயே அச்சிட்டும் இருக்கும். கழற்றும்போது எச்சரிக்கை: இந்தச் சாக்கெட்டுகளில் ஊசிகள் ப்ராசஸரில் இல்லை, போர்டில் இருக்கின்றன. தலைமுடிபோன்ற 1155 ஊசிகள். ஒன்று வளைந்தாலும் போர்டு போச்சு.

மாற்றினால் என்ன கிடைக்கும்?

ஐ3-2100 என்பது 3.1 கிகாஹெர்ட்ஸில் இரண்டு கோர் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி). ஐ5-3470 என்பது 3.2-இல் நான்கு கோர், தேவைப்படும்போது 3.6 வரை போகும். வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, கோர்தான் இரட்டிப்பு. ஒரு வேலையைப் பிரித்துச் செய்ய முடிந்தால் பலன் உண்டு. வீடியோ மாற்றும் நேரம் வெகுவாகக் குறையும். வேர்டு திறப்பது அப்படியேதான் இருக்கும்.

யூடியூப் தடுமாறுவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. இந்தத் தலைமுறைகளின் உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்கு எச்.264 வீடியோவை விரிக்கத் தெரியும். யூடியூப் பெரும்பாலும் அனுப்பும் விபி9 தெரியாது. அதை ப்ராசஸர் முழுக்கத் தன் தலையில் சுமக்கிறது. நான்கு கோர் இருந்தால் சமாளிக்கும். பிரவுசரில் ஒரு நீட்சியைப் போட்டு எச்.264-ஐயே கேட்கவைத்தால், செலவே இல்லாமல் இரண்டு கோரும் சமாளிக்கும்.

எனவே செலவழிக்கும் முன் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள். கணினி இழுக்கும் அந்த நிமிடத்தில் எது உச்சத்தில் இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் 10-இல் சிபியு (ப்ராசஸர்) 20 சதவீதம், மெமரி 90, டிஸ்க் 100 என்று இருந்தால் ப்ராசஸர் சும்மா காத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ரேம் போதாமல் விண்டோஸ் ஹார்டு டிஸ்க்கின் ஒரு பகுதியை ரேமாகப் பயன்படுத்துகிறது. நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் ஹார்டு டிஸ்க் ஒரு முறை சுற்ற 8.33 மில்லி செகண்ட் ஆகும். தேடிய இடம் ஊசிக்குக் கீழே வர சராசரியாக அதில் பாதி, அதற்குமேல் ஊசி நகரும் நேரம். ரேமின் பசிக்கு அது யானைக்குச் சோளப்பொரி. இப்படிப்பட்ட கணினிக்கு முதல் செலவு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்), இரண்டாவது 8 ஜிபி ரேம். எச்61-இல் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா வழி 3 ஜிகாபிட் வகைதான் என்பதால் எஸ்எஸ்டி அதன் முழு வேகத்தில் ஓடாது. பரவாயில்லை. நொடிக்கு எத்தனை எம்பி என்பதைவிட, தேடும் நேரம் ஒழிவதே கண்ணுக்குத் தெரிகிற மாற்றம்.

டாஸ்க் மேனேஜரில் சிபியு மட்டும் 100-இல் ஒட்டிக்கொண்டு மற்றவை நிதானமாக இருந்தால்தான் ப்ராசஸர் மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. அப்போதும் செகண்ட் ஹேண்ட் ஐ5-இன் விலையை எஸ்எஸ்டி விலையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

விண்டோஸ் 11-க்காக மாற்றலாமா?

வேண்டாம். விண்டோஸ் 11 கேட்கும் 4 ஜிபி ரேம் பழைய கணினியிலும் இருக்கும். ஆனால் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி, யூஇஎஃப்ஐ முறை (பயாஸின் புதிய வடிவம்), இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய ப்ராசஸர் வேண்டும். எச்61-இல் ஏறக்கூடிய உச்சம் மூன்றாம் தலைமுறை. ஆறு, ஏழாம் தலைமுறை போர்டில் எட்டாவது ஓடாது என்று மேலே பார்த்தோம். ஆக, ஏழாம் தலைமுறைவரை இருக்கும் சாதாரண வீட்டு இன்டெல் போர்டு எதையும் ப்ராசஸர் மாற்றி விண்டோஸ் 11-க்குத் தகுதியாக்க முடியாது. போர்டு, ப்ராசஸர், ரேம் மூன்றையும் மாற்றினால் அது மேம்படுத்தல் இல்லை, பழைய கேபினெட்டில் புதுக் கணினி.

குறுக்கு வழியில் நிறுவுவோர் உண்டு. மூன்றாம் தலைமுறையில் அது ஓடவும் செய்யும், ஆதரவு இல்லாமல். கோர் 2 காலக் கணினியில் அதுவும் நடக்காது: 24எச்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் 11 எதிர்பார்க்கும் பாப்கவுன்ட் என்ற கட்டளை அந்த ப்ராசஸர்களில் இல்லை, எனவே பூட் ஆகாது. விண்டோஸ் 10-லேயே இருக்கும் வீட்டுப் பயனர்களுக்கு நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்பு 2026 அக்டோபர் 13 வரை. அதற்குப் பிறகும் இந்தக் கணினியை இணையத்தில் வைத்திருக்க வேண்டுமென்றால் 64 பிட் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்று. 8 ஜிபி ரேமிலும் எஸ்எஸ்டியிலும் அது இலகுவாக ஓடும், தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும்.

மடிக்கணினி என்றால்

ப்ராசஸர் பேச்சை அநேகமாக விட்டுவிடலாம். ஐந்தாம் தலைமுறையிலிருந்து இன்டெல் மடிக்கணினி ப்ராசஸர்கள் போர்டோடு பற்றவைக்கப்பட்டவை. அதற்கு முந்தியவற்றிலும் மாடல் எண்ணின் கடைசியில் 'யூ' இருந்தால் அதே கதை. ரேம் பலவற்றில் மாற்றலாம், டிடிஆர்3-க்கும் 1.35 வோல்ட் டிடிஆர்3எல்-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து வாங்குங்கள். 1.35 மட்டும் ஏற்கும் மடிக்கணினியில் 1.5 வோல்ட் ரேம் எழுந்திருக்காது.

சொருகிய பிறகு

புது ரேம் போட்டு விண்டோஸ் எழுந்துவிட்டது என்பதாலேயே ரேம் நல்லது என்றாகாது. கெட்டுப்போன ஒரு பகுதி 6 ஜிபிக்கு மேலே இருந்தால், பத்து டேப் திறக்கும் வரை அது வெளியே தெரியாது. பிறகு நீலத்திரை வரும், பழி விண்டோஸ் மேல் விழும். மெம்டெஸ்ட்86-ஐ ஒரு பென் டிரைவில் போட்டு, கணினியை அதிலிருந்து துவக்கி, ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். சிவப்பு வரி ஒன்று வந்தாலும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, ஸ்லாட் மாற்றிப் போட்டு இன்னொரு முறை பாருங்கள். மறுபடியும் அதே வரி வந்தால், பில்லோடு கடைக்குக் கொண்டுபோய் மாற்றிக்கொள்ளுங்கள்.